அம்மன் காட்டின செவப்பு

— ரைட்… ரைட்! ஏய், ரைட்டுங்கறேன்ல! என்னாய்யா இது, நகரவே மாட்டேங்குது?

— சார், இது குதிரைங்க. உங்க டவுன் பஸ்ஸு இல்ல, ரைட்டுன்னா போறதுக்கு.

— பத்தொம்போது வருசமா கண்டக்டரு நான். வேற எப்படிச் சொல்றது? உம் பேரு என்ன சொன்ன?

— கோவிந்தனுங்க. குதிரைக்குப் பேரு ராஜா. நீங்க சும்னெ, சும்மா உக்காருங்க சார், கயித்த நான் புடிச்சிருக்கேன், ஆய்த்து. தானா நடக்கும்.

— மாமா, முதுக வளைக்காதீங்க. என்னயப் பாருங்க, நேரா உக்காந்தா பயமே இல்ல.

— நீ பேசுவ மலரு. உனக்கு வெள்ளக் குதிரை, மினுமினுன்னு. எனக்கு இந்தக் கெழடு. ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டுதானே எடுத்தேன்?

— அது ஓனரு சொன்னதுங்க சார். அந்தம்மாவுக்கு வெள்ளயக் குடு, அது சாதுன்னாரு. கையக் குடுத்து ஏத்தியும் வுட்டாரு பாருங்க, அத நான் இந்த நாலு வருசத்துல பாத்ததே இல்ல.

— கேட்டியா மலரு? நாலு வருசத்துல பாத்ததே இல்லையாம்.

— ஏறுற முக்காலி ஆடுச்சு மாமா. வுழுந்துடப் போறேன்னு கை குடுத்தாரு. அவ்வளவுதான்.

— நான் ஏறினதும் அதே முக்காலிதான். எனக்கு யாரு கை குடுத்தா?

— நாந்தாங்க சார் குடுத்தேன்.

— உன்னயக் கேக்கல கோவிந்தா. நீ ரோட்டப் பாரு.

— மாமா, அதோ பாருங்களேன், வத்தல்மலை எவ்ளோ கிட்டத்துல இருக்குது! கீழ இருந்து மேல வரைக்கும் மேகம். இந்தப் பக்கம் பூராவும் திராட்சைப் பந்தலு. பஸ்ஸுலருந்து பாத்தா இதெல்லாம் தெரியுதா?

— தெரியாது. பஸ்ஸுலருந்து பாத்தா எந்திரிச்சு எடம் குடுக்காதவன்தான் தெரிவான். சரி வுடு. இதெல்லாம் அர்ச்சுனனோடதா?

— ஆமாங்க சார், எங்க ஓனரு அர்ச்சுனன் சாரோடதுதான். அந்தத் தென்னந்தோப்பு வரைக்கும். பூர்வீகம் பாப்பிரெட்டிப்பட்டிங்க. இத அவரே வாங்கி, அவரே பந்தலு போட்டாரு. குதிரை ஆறு, ஒயினு ஏழு வகை. ஞாயித்துக்கெழமைன்னா பெங்களூர்ல இருந்து காரு வரிசையா நிக்கும்.

— வரிசையா நிக்கும். கேட்டுக்க மலரு.

— எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது மாமா.

— ஏய்! இப்ப ஏன்யா மறுபடியும் நின்னுடுச்சு?

— பயப்படாதீங்க சார். இது முன்னாடி கல்யாண ஊர்வலத்துக்குப் போன குதிரைங்க. மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போயே பழக்கம். எந்த வூட்டு வாசலக் கண்டாலும் ஆரத்தி எடுப்பாங்கன்னு நிக்கும். கொஞ்ச நேரம் பாத்துட்டு, யாரும் வரலன்னா ஆய்த்து, கெளம்பிடும்.

— சிரிக்காத மலரு.

— சிரிக்காம என்ன பண்றது? உங்களப் புது மாப்பிள்ளன்னு நெனச்சிடுச்சு மாமா, பாவம்.

— எனக்கு எங்க இந்தக் குடுப்பினை? நான் நம்ம கல்யாணத்துக்கு எங்க சித்தப்பன் எக்ஸெல் வண்டில பின்னாடி உக்காந்து வந்தவன். ஏன் கோவிந்தா, உங்க ஓனரு கல்யாணத்துக்கு அவரு குதிரைல போயிருப்பாரே?

— அது எனக்குத் தெரியாதுங்க. சம்சாரம் பெங்களூர்ல பெரிய டாக்டருங்க. மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. ஆனா அதுக்கு முந்தி அவருக்கு வேற ஒரு எடம் பேசி முடியற மாதிரி இருந்துதாம். ஒரு நா ஒயினு குடிச்சிட்டு என்கிட்ட சொன்னாரு. ஏதோ கடத்தூர்ப் பக்கம். நீங்களும் கடத்தூர்னுதானே நோட்டுல எழுதினீங்க? உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பமாக்கூட இருக்கும்.

— இருக்கும் இருக்கும். ரொம்பத் தெரிஞ்ச குடும்பமா இருக்கும். ஏன் மலரு?

— முதுகு மறுபடியும் வளையுது மாமா, நேரா உக்காருங்க.

— சாமிகிட்ட என்னமோ பூ கேட்டாங்களாம், செவப்பு வந்துதாம், அதோட பேச்சு முறிஞ்சு போச்சாம். அந்தப் பழக்கம் எங்க தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் பாத்ததில்ல. அது என்னாங்கம்மா அது?

— அது ஒண்ணும் இல்லீங்க அண்ணா. எங்க பக்கம் ஒரு எடத்துல பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாரியம்மன்கிட்ட உத்தரவு கேப்பாங்க. வெள்ளப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம். வாழையெலையில ஒரே மாதிரி மடிச்சு, நாரு சுத்தி, காத்தாலயே அம்மன் காலடியில வெச்சிடுவாங்க. பூசை முடிஞ்சதும் வெவரம் தெரியாத சின்னப் புள்ளைய வுட்டு ஒண்ண எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ள வந்தா அம்மன் சம்மதம். செவப்பு வந்தா வேண்டாம்.

— செவப்பு வந்தா அப்படியே வுட்டுருவாங்களா? இவ்ளோ பெரிய எடத்தையும்?

— அம்மன் சொன்னதுக்கு அப்பறம் எடமாவது ஒண்ணாவது. எந்திரிச்சு வந்துருவாங்க.

— நல்லா வெவரமாத்தான் சொல்ற மலரு. நேத்து நடந்த மாதிரி.

— கோவிந்தண்ணா, குதிரைய ஓரமா நிறுத்துங்க. நான் எறங்கறேன். தொடை வலிக்குது.

— ஆய்த்துங்கம்மா. பந்தலு வந்துடுச்சு. பாத்து, கால இந்தாண்ட போடுங்க. சார், நீங்க அவசரப்படாதீங்க… சார், வளையத்துல இருந்து கால எடுத்துட்டு… ஆய்த்து, ஆய்த்து. ஒண்ணும் அடிபடலீங்களே?

— அடியெல்லாம் இல்ல. யாரும் பாக்கலையே? அந்த ஆளு பாத்தானா?

— ஓனரு உள்ள இருக்காருங்க. உக்காருங்க ரெண்டு பேரும். இந்தாங்க, ருசி பாக்கறதுக்கு மூணு கிளாசு. இது வெள்ளத் திராட்சை. இது பன்னீர்த் திராட்சை. மூணாவது விக்கறது இல்லீங்க. ஓனரு தனியா எடுத்து வெச்சிருந்தாரு, இவங்களுக்குக் குடுன்னாரு. மொதல்ல மோந்து பாக்கணும். அப்பறம் ஒரு வாய் வெச்சு நாக்குல உருட்டணும். புடிக்கலன்னா இந்தச் சொம்புல துப்பிடலாம்.

— துப்பறதா? பஸ்ஸுல துப்பினாலே எறக்கி வுடறவன் நான். சரி, நீ போ.

— குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன். ஓனரும் பத்து நிமிசத்துல வரேன்னு சொன்னாருங்க. முந்திரி வறுத்துட்டு இருக்காங்க.

— வரட்டும். நல்லா வரட்டும். உம், குடி மலரு.

— இது என்ன மாமா, நாவப்பழத்த ஊற வெச்ச தண்ணி மாதிரி துவர்க்குது? எனக்கு வேண்டாம்.

— வேண்டாமா? உனக்குன்னு தனியா எடுத்து வெச்சதாச்சே.

— இவங்களுக்குன்னுதான் சொன்னாரு. அதுல நீங்களும் சேத்திதான்.

— என்னய எதுக்குச் சேக்கறான்? இந்தா, உன்னோடதையும் குடு. மூணு வாய்க்கு இருக்குமா இது? நல்லாத்தான் இருக்குது, அதான் எனக்குக் கடுப்பு. வாசல் கேட்டுகிட்ட நின்னு அஞ்சு நிமிசம் என்ன பேசினான் உன்கிட்ட?

— நீங்க வண்டிய நிறுத்த எடம் தேடப் போனீங்க. வாங்கன்னாரு. புள்ளைங்க எத்தனைன்னாரு. ஒரே பொண்ணு, ஏழாவது படிக்குதுன்னேன். வூட்டுக்காரரு என்ன பண்றாருன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— கண்டக்டருன்னேன்.

— வெறும் கண்டக்டருன்னா? கவர்மெண்ட் பஸ்ஸு கண்டக்டருன்னு சொல்ல வாயி வலிக்குதா? பிரைவேட்டுல தொங்கறவன்னு நெனச்சிருப்பான்.

— சரி, அவரு வந்ததும் சொல்றேன். கவர்மெண்டு, பென்சன் உண்டு, தீவாளிக்கு போனசும் உண்டுன்னு. போதுமா?

— கிண்டலு பண்ணாத. சரி வுடு.

— வுடறதா சொல்றீங்களே தவிர நீங்க எங்க வுடறீங்க? காத்தாலருந்து ஒரே உம்முனு. கல்யாண நாளு, எங்கயாவது போலாம் மலருன்னு நீங்கதான் போன்ல பாத்துப் புக் பண்ணினீங்க. புது சுடிதாரு எடுத்துக் குடுத்தீங்க. வந்து எறங்கினா அவரு நிக்கறாரு. அது அவரு தப்பா, என் தப்பா? உங்க நேரம், அவரு தோட்டமாப் போச்சு.

— நேரமெல்லாம் இல்ல.

— பின்ன?

— பேரப் பாத்துட்டுத்தான் புக் பண்ணினேன். போன்ல அவன் போட்டோவே இருந்துச்சு, தொப்பி போட்டுக்கிட்டு, இதே குதிரைய புடிச்சுக்கிட்டு.

— மாமா!

— ஆமா. அவன நேருக்கு நேரா பாத்தா உம் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. பதினாலு வருசமா இருந்துச்சு. பாத்தேன். ஒண்ணுமே தெரியல. வாங்கன்னான், நீ கும்புட்ட. அவ்வளவுதான். அது என்னா மூஞ்சியோ, அணை மாதிரி. உள்ள எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்?

— இதுக்காகவா என்னய கூட்டிட்டு வந்தீங்க? நான் பைத்தியக்காரி, மல்லியப்பூ வெச்சுக்கிட்டு வந்தேன்.

— எனக்குப் பொறாமையா இருக்குது மலரு. வயிறு எரியுது. சொல்லிட்டேன், போதுமா? இந்தப் பந்தலு, இந்தக் குதிரை, இந்தக் கண்ணாடி கிளாசு, எதப் பாத்தாலும் இதுக்கெல்லாம் நீ எசமானியா இருந்திருப்பன்னுதான் தோணுது. ரேசன் அரிசிய பொடைச்சுக்கிட்டு, அங்கன்வாடிப் புள்ளைங்களுக்கு மூக்குச் சிந்தி வுட்டுக்கிட்டு இருக்கியே, அது என்னாலதானே?

— நான் ஒரு நாளாச்சும் கொறை சொல்லியிருக்கேனா?

— சொல்லியிருந்தாலும் தேவலையே! சண்டை போட்டுட்டு மறந்திருப்பேன். உங்கப்பாதான் சொல்லிச் சொல்லிக் காமிப்பாரே. பெரிய எடம் வந்துது, கை நழுவிப் போச்சுன்னு. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமனாரு வூட்டுல எனக்கு எலை போடறப்ப எல்லாம், இது அர்ச்சுனனுக்குப் போட வேண்டிய எலைன்னு எனக்குத் தோணும். சோறு எறங்காது.

— எங்கப்பா சொல்றத வுடுங்க. செவப்பு வந்ததும் மொதல்ல எந்திரிச்சு அவங்கள கும்புட்டு அனுப்பி வெச்சதே எங்கப்பாதான். மறு வாரமே உங்க அம்மாகிட்ட வந்து, அக்கா, என் பொண்ண உம் மவனுக்கே எடுத்துக்கன்னு சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு. செவப்பு வந்ததால சொன்னாரு. நான் உன்னயக் கேக்கறேன். வெள்ள வந்திருந்தா?

— அது என்னாத்துக்கு இப்ப?

— வந்திருந்தா?

— போயிருப்பேன். அம்மன் சொன்ன எடத்துக்குப் போயிருப்பேன். வரல. உங்ககூட வந்தேன்.

— அப்ப என்னயப் புடிச்சுப் போயிக் கட்டிக்கல.

— இங்க பாருங்க மாமா. நான் சொல்றத ஒழுங்காக் கேளுங்க. உங்களுக்கு டெங்கு வந்து தர்மபுரி ஆசுபத்திரில கெடந்தீங்களே, ரத்தத்துல அணு கொறைஞ்சு போச்சுன்னு டாக்டரு கைய விரிச்சாரு. எல்லாரும் அழுதாங்க. நான் அழுதேனா? நேரா கோயிலுக்குப் போயி அம்மன்கிட்ட சண்டை போட்டேன். இந்த ஆளுதான்னு நீ கை காட்டின, நான் வாயத் தொறக்காம வந்தேன், இப்ப நீயே எடுத்துக்கறியான்னு கேட்டேன். மூணாம் நாளு நீங்க எந்திரிச்சு உக்காந்தீங்க. குடும்பத்துல எவ்ளோ வந்திருக்குது, போயிருக்குது. எதுக்கும் நான் அசையாததுக்கு அது ஒண்ணுதான் காரணம். என் வாழ்க்கைய மனுசன் முடிவு பண்ணல. அர்ச்சுனன் இல்ல, ஆயிரம் பேரு தோட்டம் போட்டு நின்னாலும் அத அசைக்க முடியாது. இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?

— அம்மன், அம்மன், அம்மன்!

— மெதுவா பேசுங்க. அந்தண்ணன் பாக்கறாரு.

— நான் சாவப் பொழைக்கக் கெடந்தப்பவும் நீ எனக்காக அழுவல. அம்மன் வாக்குப் பொய்யாயிடுமேன்னுதான் சண்டை போட்டிருக்க. எனக்கு எங்க எடம் இதுல? உனக்கும் எனக்கும் நடுவுல நிக்கறது அவன்னு நெனச்சேன். கல்லுச் சாமி நிக்குது!

— குடிச்சுட்டுப் பேசாதீங்க. நாக்கு அழுகிப் போயிடும்.

— மூணு கிளாசுல எனக்கு என்ன ஆவும்? நெதானத்துலதான் சொல்றேன். செவப்பு காட்டினது அம்மன் இல்ல மலரு.

— என்ன சொல்றீங்க?

— நான்.

— என்னா நீங்க?

— அன்னைக்குக் கோயிலுக்குத் தண்ணி எடுக்கற மொறை எங்க வூட்டுது. வெள்ளனவே கொடத்தோட போனேன். பூசாரி கெணத்துல குளிச்சுக்கிட்டு இருந்தாரு. தட்டுல ரெண்டு பொட்டலமும் இருந்துச்சு. மடியில செவ்வரளி வெச்சிருந்தேன். எதுல வெள்ள இருக்குதோ அதப் பிரிச்சு, செவப்ப வெச்சுக் கட்டிடலாம்னுதான் போனேன். ரெண்டுலயும் செவப்பு இருந்தா எந்தப் புள்ள எடுத்தா என்ன? எனக்கு அப்ப இருபத்தேழு வயசு மலரு. நீ அத்தை வூட்டுக்குன்னு வந்தா நான் மூணு நாளு டூட்டிக்கு லீவு போடுவேன். உன்னய இன்னொருத்தன் கூட்டிட்டுப் போறத என்னால பாக்க முடியல.

— நீங்க… பிரிச்சீங்களா?

— பிரிச்சேன். ஆனா நான் மட்டும் தப்புப் பண்ணல. மொத பொட்டலத்தப் பிரிச்சா நந்தியாவட்டை, வெள்ள. ரெண்டாவதப் பிரிச்சேன். அதுவும் வெள்ள!

— ரெண்டும் வெள்ளயா? நல்லாப் பாத்தீங்களா?

— எங்கண்ணால பாத்தேன். அப்பத்தான் புரிஞ்சுது, அவனுங்க எனக்கு முன்னாடியே வந்து வேலையக் காட்டியிருக்கானுங்கன்னு. அர்ச்சுனனும் அவங்கப்பனும் பூசாரிய சரிக்கட்டியிருக்கானுங்க. மோசக்காரப் பசங்க. அம்மன் கண்ணுலயே மண்ணத் தூவப் பாத்தானுங்க. அந்த ஆத்திரத்துல ரெண்டுலயும் செவப்ப வெச்சுக் கட்டினேன். நான் பண்ணது தப்புதான், இல்லேங்கல. அவன் பண்ணதுக்கு அது சரியாப் போச்சு. பதினாலு வருசமா அப்படி நெனச்சுத்தான் தூங்கறேன்.

— அப்ப அம்மன் மாத்தலையா?

— எந்த அம்மன் மாத்தும்? இந்தக் கையிதான் மாத்துச்சு. அதத்தான் சொல்றேன். நீ யாருக்காவது விசுவாசமா இருக்கறதுன்னா எனக்கு இரு. உனக்காகச் சாமி தட்டுல கை வெச்சவன் நான். என்னா மலரு? ஏன் இப்படி வெளுத்துப் போன? திட்டணும்னாலும் திட்டு. ஏய் மலரு?

— அந்தப் பொட்டலத்தக் கட்டினது யாருன்னு நெனச்சீங்க?

— பூசாரி சம்சாரம் முனியம்மாக்காதான். எப்பவும் அதுதானே கட்டும்?

— முனியம்மாக்காவுக்கு அந்த வாரம் கண்ணு வலி. செக்கச்செவேல்னு வீங்கிக் கெடந்தாங்க.

— கண்ணு வலியோ, கால் வலியோ, காசக் கண்டா கட்டிக் குடுத்துட்டுப் போவுது. அதோ வரான் பாரு, முந்திரித் தட்டத் தூக்கிக்கிட்டு, பெரிய யோக்கியன் மாதிரி சிரிச்சுக்கிட்டு. வரட்டும். இன்னைக்கு உன்னய வெச்சுக்கிட்டே மூஞ்சிக்கு நேரா கேட்டுடறேன். ஏன்டா, சாமிகிட்டயே திருட்டுத்தனம் பண்ணினியேடான்னு. நவுரு.

— உக்காருங்க மாமா. அவர ஒண்ணும் கேக்காதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. முனியம்மாக்கா என்னயத்தான் கட்டித் தரச் சொன்னாங்க, ரெண்டுலயும் வெள்ளய வெச்சுக் கட்டினவ நாந்தான். பிரிச்சா செவப்பு வந்து நிக்குதே, என் திருட்டுத்தனத்தக் கண்டுபுடிச்சு அம்மனே மாத்திட்டாளேன்னு நம்பித்தான் உங்களுக்குக் கழுத்த நீட்டினேன்.